பர்மாப் பாதையும் நமது வகுப்பறையும்

அகதி என்னும் சொல்லின் பொருளை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அகராதியைப் புரட்டிக் காட்ட வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பிறந்த பிள்ளை அச்சொல்லைத் தன் பாட்டியின் வாயிலிருந்தே கேட்டிருக்கும். மலையகத்துப் பிள்ளையின் குடும்பத்தில் ஒரு கிளை அக்கரைக்குப் போய்த் திரும்பாதிருக்கும். புத்தளத்திலே எத்தனையோ பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஒரு முகாமின் பெயரே முகவரியாக இருந்தது. வாழ்க்கை இவ்வளவு கற்பித்துவிட்ட ஒன்றைப் பள்ளிக்கூடம் மட்டும் கற்பிக்கத் தயங்குகிறது. சரித்திர பாடத்திலே போர்கள் உண்டு. அவற்றின் காரணங்கள் உண்டு. ஒப்பந்தங்களும் அவற்றிற் கைச்சாத்திட்டோர் பெயர்களும் உண்டு. போரின்போதும் ஒப்பந்தத்தின் பின்னும் மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களோ, பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர் என்ற ஒரே வாக்கியத்துள் அடங்கிப்போகின்றனர்.

இக்குறையை உணர்ந்த ஆசிரியர்கள் இல்லாமலில்லை. அகதிகளைப் பற்றி வகுப்பிலே பேசவேண்டும், பிறர் துன்பத்தை ஒத்துணரும் பண்பை மாணவரிடையே வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் இன்று உலகெங்கும் கல்வியாளரிடையே பரவியிருக்கிறது. அதனோடு சில பயிற்சிகளும் பரவியுள்ளன. ‘நீ உன் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தால் எந்த ஐந்து பொருள்களை எடுத்துச் செல்வாய்?’ என்று மாணவரைக் கேட்டு எழுதச் செய்வது அவற்றுள் ஒன்று. நல்ல நோக்கத்துடன் செய்யப்படுவதுதான். எனினும் இதனை நம் வகுப்பறைகளில் அப்படியே செய்யத் தொடங்குமுன் சற்று நின்று யோசிக்கவேண்டும் என்பது நமது கருத்து. ஐந்து பொருள்களைத் தெரிந்தெடுக்கும் அளவுக்கு வீட்டில் பொருள் இல்லாத பிள்ளை அவ்வகுப்பில் இருக்கலாம். உண்மையிலேயே ஓடிய குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். அதற்கு இது கற்பனை விளையாட்டன்று. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அப்பயிற்சியிலே ஓட நேர்ந்தது என்பது புயல் வீசியது, மழை பெய்தது என்பதுபோல் வந்து நிற்கிறது. ஏன் ஓட நேர்ந்தது, யார் ஓடச் செய்தார், ஓடியவருள் யாருக்குக் கப்பலில் இடம் கிடைத்தது, யார் காட்டுவழியே நடந்தார் என்ற கேள்விகள் எழுவதற்கு அங்கு வழியில்லை. மாணவன் அழுவான், மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான்.

அகதியைப் பற்றிக் கற்பிப்பதென்றால், அகதி எவ்வாறு உண்டாக்கப்படுகிறான் என்பதைக் கற்பிக்கவேண்டும். அதற்கு நம் வகுப்பறைகளிற் கையாளத்தக்க ஒரு சரித்திரம் இருக்கிறது. 1942 ஆம் ஆண்டிலே பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்த மக்களின் சரித்திரம் அது. ஏன் நம் சொந்தக் கதையிலிருந்தே தொடங்கக்கூடாது என்று கேட்கலாம். நம் புண் இன்னும் ஆறவில்லை. அதைத் தொட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஆசிரியரும் ஒரு பக்கம் சாய்வார். பர்மாவோ கண்ணால் அமைதியாகப் பார்க்கும் அளவுக்குத் தொலைவிலும், நம்மவர் கதைதான் என்று உணரும் அளவுக்கு அண்மையிலும் இருக்கிறது. நடந்தவர்களிலே தமிழர் பலர். அவர்கள் விட்டுவந்த வயல்களின் அரிசியைத்தான் யுத்தத்துக்கு முன்னர் இலங்கையும் உண்டது. பர்மா வீழ்ந்ததும் இங்கே அரிசி அருகிப்போனதையும், கூப்பனுக்கு நின்றதையும், கோதுமைமாவுக்கு நாக்குப் பழகியதையும் நம் மூத்த தலைமுறை மறக்கவில்லை. இவ்வளவும் ஒரே பாடத்துள் வரும்.

பாடத்தைக் குண்டு விழுந்த நாளிலிருந்து தொடங்குவது தவறு. ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1824, 1852, 1885 ஆகிய ஆண்டுகளிலே தொடங்கிய மூன்று போர்களினால் பிரித்தானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அதனை இந்தியாவின் ஒரு மாகாணமாக்கி 1937 ஆம் ஆண்டுவரை அவ்வாறே ஆண்டனர். ஐராவதியின் கழிமுகத்திலே சதுப்பு நிலமும் காடுமாய்க் கிடந்த பரப்பு அரை நூற்றாண்டுக்குள் உலகின் மிகப்பெரிய அரிசி ஏற்றுமதிப் பிரதேசமாக மாறியது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தமை இதற்கு மேலும் ஊக்கமளித்தது. காட்டை வெட்டி வயலாக்கியவன் பர்மிய விவசாயி. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேண்டிய கைகளை வங்காள விரிகுடாவின் மறுகரையிலிருந்து கப்பல்கள் ஏற்றிவந்தன. தெலுங்கர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். தமிழர் வயல்களிலும் ஆலைகளிலும் உழைத்தனர். சிட்டகாங்கு மக்கள் ஆற்றுக் கப்பல்களைச் செலுத்தினர். நம் தோட்டங்களிலே கங்காணி எவ்வாறோ அவ்வாறே அங்கு மேஸ்திரி. முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, அக்கடனாலேயே கட்டி வைப்பது அவன் தொழில். 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரிலே பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

வயலாக்குவதற்குப் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. அதனைக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார். அவர்களுக்குப் பின்னால் பிரித்தானிய வங்கிகள் நின்றன; நெல்லை வாங்கிய பெரிய ஐரோப்பியக் கம்பெனிகளோ தம்முட் கூடி விலையைக் கட்டுப்படுத்த முயன்றன. 1930 இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்தபோது கடன் மட்டும் வீழவில்லை. பிரதான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றிலே 1930 இல் நூற்றுக்கு ஆறு வீதமான நிலம் செட்டிமாரிடம் இருந்தது. 1938 இல் அது இருபத்தைந்து வீதமாயிற்று. நிலத்தை இழந்த விவசாயி கூலி தேடி நகருக்கு வந்தான். அங்கே தன்னிலும் குறைந்த கூலிக்கு உழைக்கும் தெலுங்கனைக் கண்டான். 1930 மே மாதத்திலே ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, கம்பெனிகள் பர்மியரை வேலைக்கு அமர்த்தின. பின்னர் தெலுங்கரோடு இணக்கம் ஏற்பட்டதும் பர்மியரை வெளியேற்றின. அதிலிருந்து மூண்ட கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூலிக்காரனைக் கூலிக்காரன் வெட்டினான். கப்பற் கம்பெனிகளின் கணக்கிலே அந்த மாதமும் ஒரு மாதம்தான். 1938 இல் மீண்டும் ஒரு கலவரம். இம்முறை இந்திய முஸ்லிம்கள் குறிவைக்கப்பட்டனர்.

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படக்கூடாது. மாணவருள் சிலர் பர்மியரைக் கொடியவர் என்பர். சிலர் செட்டியாரைத் திட்டுவர். இரண்டையும் சொல்லவிட்டு, பர்மிய விவசாயியின் கடன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். நெல்விலை பாதியாகக் குறைந்தால் அதே கடனைத் தீர்க்க எத்தனை மூட்டை அதிகம் வேண்டும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. இக்கணக்கைச் செய்த பிள்ளைக்குப் பர்மிய விவசாயியும் ஒரு மனிதனாகத் தோன்றுவான். தன் நிலத்திலேயே அந்நியனாக்கப்பட்டவன் அவன். ஒத்துணர்வு என்பது துரத்தப்பட்டவனிடம் மாத்திரம் காட்டவேண்டியதொன்று என நாம் கருதவில்லை. துரத்தியவன் அந்த நிலைக்கு எவ்வாறு தள்ளப்பட்டான் என்பதை அறிவதும் அதிற் சேரும். அவன் செய்த கொலையை மன்னிப்பது வேறு விஷயம்.

1941 டிசம்பர் 23 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. கூலிக்காரர் செறிந்து வாழ்ந்த பகுதிகளிலும் துறைமுகத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் நகரமே காலியாகத் தொடங்கிற்று. மூட்டை சுமந்தவர்களும் குப்பை அள்ளியவர்களும் வடக்கே ப்ரோம் நகர் செல்லும் பாதையில் இறங்கினர். அப்போது ஆட்சியாளருக்கு வந்த கவலை விசித்திரமானது. இவர்கள் போய்விட்டால் யுத்தத் தளவாடங்களை இறக்குவது யார்? நகரைத் துப்புரவு செய்வது யார்? சென்றவர்களைத் திரும்பி வரச் செய்ய முயன்றனர்; ஏழைகள் கப்பலின் மேற்றளத்திற் கிடந்து பயணஞ் செய்யும் சீட்டுக்கும் தடைகள் வந்தன. கையிற் காசுள்ளவருக்கு அறைச்சீட்டுக் கிடைத்தது. சில வாரங்கள் கழிய, 1942 பெப்ரவரியில் ரங்கூனைக் காலிசெய்ய அரசாங்கமே உத்தரவிட்டது. மார்ச் 8 ஆம் திகதி நகர் யப்பானியர் கைக்கு வந்தது. போகாதே என்று தடுக்கப்பட்ட மக்களுக்கு இப்போது போவதற்குக் கப்பல் இல்லை.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று ப்ரோமிலிருந்து ஆற்றைக் கடந்து, தவுங்கூப் கணவாய் வழியாக அரக்கான் மலைகளைத் தாண்டி, கடற்கரையிற் படகு பிடித்து அக்கியாப்புக்கும் சிட்டகாங்குக்கும் செல்வது. மற்றது மண்டலே சென்று, சிண்ட்வின் நதியின் மேலே கலேவா, தமு வழியாக மணிப்பூருக்கு நடப்பது. வடகோடியிலே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லேடோவுக்குச் செல்வது மூன்றாவது. அது மற்றவை அடைபட்ட பின், மழைக்காலம் தொடங்கியபோது நடந்தவர்களின் வழி. தண்ணீரில்லாத கணவாயிலும் முகாம்களிலும் வாந்திபேதி பரவியது. மண்டலேயில் காத்துக் கிடந்தோர்மீது ஏப்ரலிற் குண்டு விழுந்தது. ஹுக்காங்கில் சேறு முழங்காலளவு. அட்டையும் மலேரியாவும் பசியும் சேர்ந்து கொன்றன. ஒரு குடும்பத்திலே எல்லோரும் நடக்க முடியாதபோது யாரை விட்டுச் செல்வது என்பதை அந்தக் காட்டிலே தாய்மார் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதைப்பற்றி நாம் மேலும் எழுத விரும்பவில்லை. வகுப்பிலும் ஆசிரியர் இதனை நீட்டாதிருத்தல் நல்லது.

துன்பமும் எல்லோருக்கும் ஒரேயளவாகப் பங்கிடப்படவில்லை என்பதுதான் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டியது. மணிப்பூர் செல்லும் மலைப்பாதையிலே ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஒரு வழி, இந்தியருக்குக் கடினமான வேறொரு வழி என்று பிரிக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை என்றே மக்கள் அவற்றைப் பேசிக்கொண்டனர். இந்திய தேசிய காங்கிரஸ் இந்த நிறபேதத்தைக் கண்டித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்ற முழக்கம் எழுவதற்கு முன்னிருந்த கோபங்களுள் இதுவும் ஒன்று. நிலம், கடல், வான் ஆகிய மூவழியாலும் வெளியேறியோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் என்பர். வழியில் மாண்டோர் பத்தாயிரம் என்பாருமுளர், ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பாருமுளர். கணக்குகள் இத்துணை வேறுபடுவது ஏன் என்று மாணவரைக் கேட்கவேண்டும். அறையில் பயணஞ் செய்தோரின் பெயர்ப்பட்டியல் கப்பற் கம்பெனியிடம் இருந்தது. மலையில் விழுந்தவனின் பெயரை எழுத அங்கே எவரும் இருக்கவில்லை.

இன்னொரு செய்தியை மலையக ஆசிரியர்கள் விசேடமாகக் கவனிப்பர் என்று நம்புகின்றோம். அசாம் எல்லையிலே அகதிகளுக்கு முகாம் அமைத்து, உணவு சேர்த்து, பாதை வெட்டும் பணியை இந்தியத் தேயிலைத் தோட்டத் துரைமார் சங்கம் மேற்கொண்டது. சங்கத்தின் ஏற்பாட்டுத் திறனைச் சரித்திர நூல்கள் பாராட்டுகின்றன, பாராட்டத் தக்கதுதான். ஆனால் மண்வெட்டி பிடித்த கைகள் யாருடையவை? தோட்டத் தொழிலாளருடையவை. சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஒரு தலைமுறைக்கும் இரு தலைமுறைக்கும் முன்னர் ஆள்கட்டிகளால் அசாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். ஊரைவிட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு கூட்டம், ஊரை இழந்து வந்த இன்னொரு கூட்டத்துக்குப் பாதை வெட்டிற்று. அரிசி மூட்டையைத் தலையிற் சுமந்து மலையேறிற்று. அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் இல்லை.

இப்பயணத்தைத் தமிழில் எழுதிவைத்தவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனிலே ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்தியவர்; காரல் மார்க்ஸின் வாழ்க்கையைத் தமிழர்க்கு எடுத்துச் சொன்னவர் என்ற முறையில் இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு அவரை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற அவருடைய நூல் ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இருக்கவேண்டியது. அதனை மாணவர் கையிற் கொடுக்கும்போது ஒரு கேள்வியையும் உடன் கொடுக்கலாம். எழுதத் தெரிந்த, நண்பர்கள் உடைய, ஊர் ஊராக அறிமுகம் பெற்ற ஒரு பத்திரிகாசிரியரின் நடை இது; அதே பாதையில் நடந்த ஆலைக் கூலியின் மனைவி ஒருத்தி எழுதியிருந்தால் எந்தப் பக்கங்கள் வேறாக இருந்திருக்கும்? இதற்குக் கற்பனை வேண்டும். ஆயினும் இந்தக் கற்பனைக்குப் பிடித்து நிற்க ஒரு நிலம் இருக்கிறது. பாதை தெரியும், மாதம் தெரியும், மழை தெரியும், கூலி எவ்வளவு என்பதும் கடன் யாரிடம் என்பதும் தெரியும். ஐந்து பொருள்களின் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் தாமே கண்டுகொள்வர்.

யுத்தம் முடிந்தபின் பலர் பர்மாவுக்குத் திரும்பினர். 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, பர்மியச் சோஷலிசப் பாதை என்று ஒன்றை அறிவித்தார். 1964 இல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன; அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. தேசியமயம் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டுகின்ற பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. செட்டிமாரின் பெருநிலங்கள் இதற்கு முன்னரே போய்விட்டன. இப்போது பறிக்கப்பட்டவற்றுள் தேநீர்க் கடைகளும் சில்லறைக் கடைகளும் இருந்தன. இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜாரும், தமிழகத்து ஊர்களிலே பர்மா காலனி என்று வழங்கும் குடியிருப்புகளும் அவர்களால் உண்டானவை. தாயகம் எனப்பட்ட இடத்திலே காலூன்ற முடியாத சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடலாமென்று தரைவழியாக மீண்டும் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற ஊரிலே தங்கிவிட்டனர். 1942 இன் பாதை தமு வழியாக வந்தது என்றோமல்லவா? தமுவுக்கு நேரெதிரே இருப்பது மோரே. அங்கே இன்றும் தமிழர் வாழ்கின்றனர்.

அதே 1964 இல், ஒக்டோபர் 30 ஆம் திகதி, நம் நாட்டைப் பற்றியும் ஓர் ஒப்பந்தம் புதுடில்லியிற் கைச்சாத்தாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஸ்ரீமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை. பர்மாவிலே ஒரு நோட்டைச் செல்லாதாக்கி மக்களை அனுப்பினர். இங்கே ஒரு சட்டத்தால் மனிதரையே செல்லாதாக்கி அனுப்பினர். இவ்வளவு தூரம் பர்மாப் பாதையில் வந்த வகுப்பு இனித் தன் நாட்டைப் பார்க்கலாம். நாம் கூறவந்த முக்கியமான விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ஒக்டோபர் 30 என்ற திகதி வடமாகாணத்து மாணவருக்கு வேறொரு காரணத்தால் தெரிந்தது. 1995 ஆம் ஆண்டில் அந்நாளின் இரவிலே வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையினூடே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அது நினைவுகூரப்படுகிறது, நினைவுகூரவேண்டியதுதான். ஆனால் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி மூலம் அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்தும் அம்மாதத்திலே முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். மொத்தத்தில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளிலே இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுட் பலருக்குத் தாய்மொழி தமிழே. நம் பாடசாலைகளிற் கற்பித்த ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர்.

1995 ஐப் பேசி 1990 ஐப் பேசாத வகுப்பறை ஒத்துணர்வைக் கற்பிக்கிறது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அது தன்னிரக்கத்தைக் கற்பிக்கிறது. இதனைச் சொன்னால், அரசாங்கம் செய்தவற்றை மறைக்கின்றீர்களா என்று கேட்பாருமுளர். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தமிழர் எவ்வாறு அகதிகளாக்கப்பட்டனர் என்பதையும், 2009 இல் வன்னியில் நடந்ததையும் எவரும் மறைக்கவேண்டியதில்லை. அவையும் அதே கேள்விகளுடன் வகுப்பிலே வரவேண்டும். யார் உத்தரவிட்டார், யார் இலாபம் பெற்றார், விட்டுப்போன வீட்டில் யார் குடியேறினார், யார் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தார்? ரங்கூனைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, சோனகத் தெருவைப் பற்றியும் கேட்கும். கேட்டே தீரும். அதற்கு விடைசொல்லும் துணிவு ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. வீட்டிலே தகப்பனார் கோபிக்கலாம். பாடசாலையிலே அதிபர் கூப்பிட்டு விசாரிக்கலாம். தெற்கிலே சிங்கள ஆசிரியர் ஒருவர் 1983 ஐப் பற்றிப் பேச முனைந்தால் அவருக்கும் இதே நிலைதான்.

பாடத்திட்டம் இடங்கொடாது என்ற தடை உண்மையானது. நாற்பது நிமிடப் பாடம், முடிக்கவேண்டிய அத்தியாயங்கள், பரீட்சை. ஆயினும் இரண்டாம் உலக யுத்தம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பிரசாவுரிமைச் சட்டமும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தேசப்படத்தை விரித்து வைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ரங்கூனையும் இம்பாலையும் புள்ளியிட்டு, தூரத்தை நூலால் அளந்து, ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கும் குடும்பம் எத்தனை நாளிற் சேரும் என்று கணக்கிடச் செய்யலாம். வயது முதிர்ந்தோர் உள்ள வீடுகளில், விரும்பினால் மாத்திரம், அவர்கள் நடந்த தூரத்தைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். ‘விரும்பினால் மாத்திரம்’ என்பதை நாம் அழுத்திக் கூறுகின்றோம். தன் வீட்டுத் துன்பத்தை வகுப்பின் முன் விரித்துக் காட்டுமாறு எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த ஆசிரியருக்கு உரிமையில்லை. பேசாதிருக்கும் பிள்ளைக்கும் அப்பாடம் போய்ச் சேரும்.

பர்மாப் பாதை 1964 உடன் முடியவில்லை. மியன்மார் எனப் பின்னர் பெயர் மாற்றம் பெற்ற அந்நாட்டில் 1982 ஆம் ஆண்டு ஒரு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1823 க்கு முன்னரே அந்நாட்டில் இருந்த இனங்கள் என அரசாங்கம் ஏற்றவர்களே இயல்பான பிரசைகள் என்பது அதன் அடிப்படை. 1823 ஏன்? முதற் பிரித்தானியப் போருக்கு முந்திய ஆண்டு அது. ஏகாதிபத்தியம் வந்த நாளை அளவுகோலாக வைத்து, ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் ஏழைகளைப் பிரித்தெடுத்தனர். அரக்கானிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ரொகிங்யா முஸ்லிம்களுக்கு அப்பட்டியலில் இடமளிக்கப்படவில்லை. 1942 இல் இந்திய அகதிகள் கடந்து சென்ற அதே அரக்கான்தான். அவ்வாண்டிலேயே அங்கு பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே பெருங்கொலைகள் நடந்து ஊர்கள் பிரிந்தன. 1978 இலும் 1991 - 92 இலும் இலட்சக்கணக்கான ரொகிங்யாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினர். 2017 ஓகஸ்ட் மாதம் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாஃப் நதியைக் கடந்தனர்.

அகதிகளுக்கான சர்வதேச உடன்படிக்கை 1951 இல் உருவாயிற்று. அது முதலில் 1951 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் நிகழ்ந்தவற்றையே கருதியது. ஐரோப்பாவின் அகதிகளே அதனை வகுத்தோர் மனத்தில் இருந்தனர். 1967 இல் அந்த எல்லைகள் நீக்கப்பட்டன. இந்தியாவோ வங்காளதேசமோ இலங்கையோ அதில் இதுவரை சேரவில்லை. உலகெங்கும் நம் மக்களுக்குப் புகலிடம் பெற்றுத் தந்த அவ்வேட்டிலே நம் நாடு ஒப்பமிடவில்லை என்பதை மாணவர் அறிவது நன்று. 2017 செப்டெம்பரிலே, கல்கிசையில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் பாதுகாப்பில் ஒரு வீட்டில் இருந்த முப்பத்தொரு ரொகிங்யா அகதிகளைப் பிக்குமார் தலைமையிலான ஒரு கூட்டம் முற்றுகையிட்டு விரட்டியது. அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர்.

2024 டிசம்பரிலே ரொகிங்யா மக்கள் நூறுக்கு மேற்பட்டோரைச் சுமந்த ஒரு படகு வங்காள விரிகுடாவிலே அலைந்து முள்ளிவாய்க்காற் கரையோரம் வந்து சேர்ந்தது. படகில் குழந்தைகளும் இருந்தனர். முதலிற் கண்ட மீனவரும் ஊரவரும் உணவும் தண்ணீரும் கொடுத்தனர். 2009 இல் அதே கடற்கரையில் தாம் எவ்வாறு இருந்தனர் என்பது அவர்களுக்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதன்று. பின்னர் கடற்படையினர் படகைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றனர். சில நாட்களில் அகதிகள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டு, கேப்பாப்புலவில் உள்ள விமானப்படை முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். படையினர் வசமிருந்த தம் காணிகளைத் திருப்பித் தருமாறு கேட்டு, 2017 இலே கேப்பாப்புலவு மக்கள் பிள்ளைகளோடு வீதியோரத்தில் மாதக்கணக்காக இருந்த இடமும் அதுவே.